முன்னே சரியில்லை

நீட்டிய கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, ஷூவின் நாடாக்களை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டு, ஓடையின் ஓரத்தில் நின்றுகொண்டு என் அறைத்தோழி ஆட்காட்டி விரலை வலப்பக்கம் நீட்டினாள். "வலது சரி." விரல் இடப்பக்கம் போனது. "இடது சரி." பிறகு நேராக எதிர்க்கரையை நோக்கி, "முன்னே சரி." அதன்பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தாள். பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யாத ஒருவருக்கு அதில் சிரிக்க எதுவும் இருந்திருக்காது. அங்கே நடைபாதை ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பாதையைக் கடக்கும் இடத்திலெல்லாம் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கும். அவற்றின்மேல் நின்று, மூன்று பக்கமும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகே கடக்க வேண்டும். சேர்ந்த புதிதில் கூச்சமாக இருக்கும். சில மாதங்களில் கை தானாக எழும்பும். ஒரகடம் கூட்டுரோட்டில் சாலையைக் கடக்கும்போது என் கை இடுப்பளவு எழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று இறங்கியது உண்டு.

படப்பையில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவர் இருந்தோம். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் நிரந்தர வேலையில் இருக்கும் எஞ்சினியர். அவள் அதே தொழிற்சாலையில், அசெம்பிளி லைனில் ஒப்பந்தப் பயிற்சியாளர். ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவள் வருவதற்கு முன் அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பேன்: சீருடை துவைப்பது, தண்ணீர் கேன் சொல்வது, வாரத்துக்குக் காய்கறி, அம்மாவிடம் பேசுவது. பத்து மணிக்குள் பட்டியல் முடிந்துவிடும். ஞாயிறு முடியாது. அவள் வந்த பிறகு பட்டியலே போடவில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட் என்பதால் பாதி நாட்கள் ஒருவர் தூங்கும் முகத்தைத்தான் மற்றவர் பார்ப்பார். ஆனாலும் நான் எழும்போது என் தண்ணீர் பாட்டில் நிரம்பியிருக்கும். அவளுடைய பயிற்சிக்காலம் முடியும் நேரம் நெருங்கியிருந்தது. சிலருக்கு நீட்டிப்பு கிடைக்கும், மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். அந்த ஓடை இருந்த மலைக்குப் போவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பொறவு சொல்லுதேன். நாளைக்கு மலைக்குப் போணும்லா, தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடியுமுன் வேன் வந்தது. மாற்று உடை, கயிறு, முதலுதவிப் பெட்டி, செல்போனுக்குப் பிளாஸ்டிக் உறை என்று நான் கட்டியிருந்த பையைத் தூக்கிப் பார்த்த ஓட்டுநர், "இன்னா மேடம், மலை ஏறப் போறீங்களா, வூடு மாறிப் போறீங்களா?" என்றார். அவள்தான் அதிகம் சிரித்தாள். எங்களை அழைத்துப் போனவர் தொழிற்சாலையின் சேஃப்டி சார். சில மாதங்களுக்கு ஒருமுறை, விருப்பப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆந்திர எல்லை தாண்டியுள்ள மலைகளுக்கு அவர் இப்படிப் போவார். அன்று போன பாதையில் ஒரே ஓர் ஓடைதான். பாதை அதை மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டு போனது. ஒரு கடவில் வழுக்குப் பாறை, இன்னொன்றில் கூழாங்கல், மற்றொன்றில் தொடைவரை குளிர்ந்த நீர். ஒவ்வொன்றிலும் அவள் கை நீட்டினாள். மூன்றாவது கடவுக்குள் எல்லோருமே நீட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு கரையிலும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன், சொல்லுவாள் என்று. அவளோ தட்டான்களைப் பற்றிப் பேசினாள். என் ஷூவிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றிப் பேசினாள். ஈரக் காலோடு முன்னே போய்விடுவாள். அத்தனை பேர் நடுவில், அவளுக்கு மிக அருகில், நான் அன்று தனியாகத்தான் நடந்தேன். அவள் போய்விட்டால் எனக்கு இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. இதைச் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை, கேள்வி மட்டும் இருந்தது.

அவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் லைனின் மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். ஏதாவது பிழை என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து லைனையே நிறுத்தலாம். ஆனால் இழுத்தால் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், சூப்பர்வைசர் வருவார். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் யோசிப்பார்கள். திருகாணி சரியாக உட்காராவிட்டால் அவள் அடுத்தவர் இடம்வரை லைனில் நகரும் வண்டியோடு கூடவே ஓடி, சரிசெய்துவிட்டுத் திரும்பி ஓடிவருவாள். வந்த நாள் முதல் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னாள்.

உச்சியில் இருந்த குளத்தருகே எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ஒரு சிறு மழை பெய்து நின்றது. இறங்கும் வழியில் கடைசிக் கடவு. அதற்கு அப்பால் மாந்தோப்பு, அதன் முடிவில் வேன். அவள்தான் முதலில் நின்றாள். வலது சரி. இடது சரி. விரல் முன்னே நீண்டது. குரல் வரவில்லை. பிறகு சொன்னாள்: "முன்னே சரியில்ல."

சிரிப்பு எழுந்தது. "இன்னாம்மா, காமெடியா? வண்டி வெயிட்டிங்ல கீது" என்றார் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர். அவள் கையை இறக்கவில்லை. சேஃப்டி சார் முன்னால் வந்து தண்ணீரைப் பார்த்தார். காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். அவர் தனியாக வந்திருந்தால் கடந்திருப்பார். ஆனால் யார் சரியில்லை என்றாலும் நிறுத்த வேண்டும், சொன்னது யார் என்று பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களிடம் சொல்பவர் அவர்தான். தொப்பியைக் கழற்றினார். "சொல்லிட்டாங்கல்ல. எல்லாரும் உக்காருங்க."

"சார், நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் சார்."

"எனக்கும்தாம்பா. உக்காரு."

நாங்கள் இருவரும் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். "தண்ணி ஒண்ணும் அவ்வளவு இல்லையே" என்றேன், மெதுவாக.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அங்கிட்டுப் போனா வேன். வேன்ல ஏறுனா நாளைக்கு வந்துரும்லா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாளையோட முடியுது. கார்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். பிள்ளைப்பாக்கத்தில் ஆள் எடுக்கும் இடம், மறைமலை நகரில் என்னுடன் படித்தவள் இருக்கும் கம்பெனி, யாரிடம் எப்போது பேசுவது என்று அடுக்க ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "ஏ எஞ்சினியரம்மா, லிஸ்ட் போடாத. செத்த நேரம் சும்மா இரு." சும்மா இருந்தேன். எங்கள் நான்கு கால்களும் தண்ணீருக்குள் இருந்தன. அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஓய்ந்து, யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள், ஒருவர் தொப்பியால் முகத்தை மூடித் தூங்கினார். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. வெயில் எதிர்க்கரை மரங்களின் பாதிக்கு ஏறியபோது அவள் எழுந்தாள். கை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "முன்னே சரி" என்றாள்.

வேனில் சேஃப்டி சார் திரும்பி உட்கார்ந்து, "இதுதாம்மா வேணும். நாளைக்கு மீட்டிங்ல எல்லாரும் இவங்களுக்குக் கை தட்டணும்" என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சொன்னபடியே கை தட்டினார்கள். மாலையில் அவள் அடையாள அட்டையையும் தொழிற்சாலை ஷூவையும் ஒப்படைத்தாள்.

இப்போது அவள் தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். முதலில் தினமும் பேசினோம், பிறகு வாரம் ஒருமுறை, இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அவள் கட்டிலில் துவைத்த துணிகளைப் போடுகிறேன். ஞாயிற்றுப் பட்டியல் திரும்ப வந்துவிட்டது. நேற்று கிடங்குக்குப் போகும் வழியில் அந்தப் பாதங்களின் மேல் நின்றேன். வலது சரி. இடது சரி. விரலை முன்னே நீட்டிவிட்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், நின்னுக்கினே கீறீங்க? நீங்க போறீங்களா, நான் போவட்டா?" அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினேன். பெட்டிகள் அடுக்கிய வண்டி கடந்து போனது. எதிரே பாதை முழுக்கக் காலியாக இருந்தது. "முன்னே சரி" என்று சொல்லிவிட்டுக் கடந்தேன்.