கையில் பிடிக்கும் கிளட்ச்

கடலூரில் என் காரைச் சரிபார்க்க விட்டிருந்த பட்டறையில்தான் அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன்னுடைய பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். சும்மா உட்காரும் நேரமெல்லாம் இடது கையில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டேன்.

“கிளட்ச்ச கியர் ராடுலயே வச்சிட்டேன் சார். இனிமே கையாலதான் புடிக்கணும். கனம் ஜாஸ்தி. விரலு தாங்கணும்ல?”

“ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கலாமே?”

“வூட்லயும் அதான் சொல்றாங்க. அது என்னைய ஏத்திக்கிட்டுப் போவும். நான்ல ஓட்டணும்!”

அவருடைய கார் தயாரான அன்று துணைக்கு என்னை அழைத்தார். சிதம்பரம் சாலையில் இன்ஜின் அணைந்து அணைந்து நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் திட்டினார். இவர் மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கையும் கியரும் ஒத்துப்போயின. டர்போ விசிலடித்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு டீக்கடை முன் நிறுத்தினார். “கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா சார்? தனியா ஒருவாட்டி போய்ட்டு வந்துர்றேன்.”

டீ குடித்து முடித்து வெகுநேரம் கழித்து அந்த விசில் கேட்டது. சாலையோரம் வந்து கையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கடலூர்ப் பக்கம் பறந்துவிட்டார்.

நான் பஸ்ஸில் திரும்பினேன். ஒருவர் என்னை மறந்துபோனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.