மகளின் கூட்டாளிகள் ரிஜெக்ட் செய்த டீ-ஷர்ட்

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்து, நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி கட்டினேன். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர் எதிரே வந்து உட்கார்ந்தால், அவன் வாயைத் திறப்பதற்குள் என்ன விலை கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

என் மகள் என் கம்பெனியிலேயே மெர்ச்சண்டைசர், சாம்பிளில் குறை பார்த்துத் திருத்தி பையரிடம் அப்ரூவல் வாங்கும் வேலை. இருபத்தாறு வயதில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கீமோவை நடுவில் விட்டுவிடக் கூடாது என்றார். இவ்வளவுதானே, ஆர்டரை நேரத்துக்கு முடித்துக் கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தவள், "இனி நான் வரலீங்கப்பா" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து குவிந்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவள் கதவைத் திறக்கவேயில்லை. இவர்களால் ஆகாது, நாமே இறங்க வேண்டியதுதான் என்று தாராபுரத்துக்குக் கார் அனுப்பினேன். அங்கே தொண்டைப் புற்றுநோய் வந்து குணமான தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். எழுபது தாண்டியவர். பெரியவர் வந்திருக்கிறார் என்றதும் மரியாதைக்காகக் கதவைத் திறந்தாள். அவர் கட்டில் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தைரியம் சொன்னார்.

"எனக்கென்ன கண்ணு, பேரன் பேத்தி எடுத்தாச்சு. போனாலும் கவலையில்லைன்னு கம்முனு படுத்திருந்தேன். தானா சரியாப் போச்சு. நீயும் அப்படியே இரு சாமி."

அவர் கிளம்பிப் போனதும் மகள் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, பேரன் பேத்தி எடுத்த தைரியம் எனக்கு வரோணும்னா, மொதல்ல எவனாச்சும் என்னையக் கட்டோணுமல்ல?"

மறுபடியும் கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரமே பல்லடத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கீமோ ஏற்றிக்கொண்டவள், மகளின் வயதுதான். தலையில் முடியும் இல்லை, துணியும் கட்டவில்லை. என் மனைவி காபி போட எழுந்திருப்பதற்குள் நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"நானும் மொட்டை, நீயும் மொட்டை. யாருக்குப் பயந்துடி உள்ள ஒளிஞ்சுட்டு இருக்கறே?"

கதவு திறந்தது. ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். கேட்டேன். வாய்ப்புண்ணுக்கு எதைத் தின்பது, மோர் ஏன் இரும்பு மாதிரி ருசிக்கிறது, பின்னால் குழந்தை பிறக்குமா, மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்று பேச்சு ஓடியது. நடுநடுவே சிரிப்பு. இதையெல்லாம் என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும்? நூல் விலை கேட்டால் சொல்லியிருப்பேன்.

அவர்களைப் போல இளவயதில் இந்த நோய் வந்த எட்டுப் பேர் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்களாம். "வந்து பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். ஞாயிறு கூட்டம், புதன்கிழமை இருவருக்கும் அடுத்த கீமோ. கூட்டத்துக்கு என் கம்பெனி சாம்பிள் ரூமையே கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். என்னால் முடியுமா? ஆளுக்கொரு டீ-ஷர்ட் தைத்து, நெஞ்சில் 'புற்றுநோயை வென்ற சிங்கங்கள்' என்று தங்க நிறத்தில் பிரிண்ட் அடித்து, என் கையாலேயே கொடுத்தேன். கைதட்டுவார்கள் என்று காத்து நின்றேன்.

நிட்டிங் மெஷின் ஓட்டும் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான். "அங்கிள், எங்க கம்பெனில இன்னும் யாருக்கும் தெரியாதுங்க. இதையப் போட்டுட்டுப் போனா மைக் வெச்சுச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

"வென்றாச்சுன்னு டாக்டரே இன்னும் சொல்லலீங்க அங்கிள்" என்றாள் பல்லடத்துப் பெண். "நீங்க அதுக்குள்ள பிரிண்ட் அடிச்சுட்டீங்க."

"தங்கக் கலர் அருமைங்க. நெஞ்சுல உரசுதுங்க" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் எழுந்து டீ-ஷர்ட்டை மேஜைமேல் விரித்து, கம்பெனியில் நிற்பது போலவே நின்றாள்.

"சாம்பிள் ரிஜெக்ட்டுங்கப்பா. கமெண்ட்ஸ் கேட்டுக்கறீங்களா?"

பிரிண்ட் வேண்டாம், பின்கழுத்தில் லேபிள் குத்துகிறது என்று ஆரம்பித்தாள். அவளுக்குக் காரையெலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்ன வில்லை மாதிரி போர்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள், மருந்து அதன் வழியாகத்தான் ஏறும். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் முன்னால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூனிக்குறுக வேண்டியிருக்கிறதாம், அந்த இடத்தில் மட்டும் திறக்கிற மாதிரி வேண்டுமாம். மூன்று கீமோவுக்கும் கூடவே போய்வந்தவன் நான். இது எனக்குத் தெரியாது.

தலையாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"அங்கிள், நீங்க போனாத்தான் நாங்க பேச முடியுமுங்க" என்றாள் பல்லடத்துக்காரி.

என் கம்பெனி, என் சாம்பிள் ரூம். வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை நானே மெஷினில் உட்கார்ந்தேன். மெல்லிய பருத்தித் துணி, லேபிள் கிடையாது, தோளிலிருந்து காரையெலும்புக்குக் கீழே வரைக்கும் டிச் பட்டன். செவ்வாய் சாயங்காலம் அவள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். பிடித்ததா என்று கேட்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பட்டனைத் திறந்து, மூடி, கழுத்தை இழுத்துப் பார்த்தாள்.

"கழுத்து இன்னுங் கொஞ்சம் எறக்கோணுமுங்கப்பா. அப்ரூவல் இப்போதைக்குக் கெடையாது. வண்டிய எடுங்க, நேரமாச்சு. பல்லடம் சுத்திப் போங்க, அவளையும் ஏத்திக்கலாம்."

எங்கள் வீட்டிலிருந்து கோயம்புத்தூருக்குப் பல்லடம் நல்ல சுற்று வழி. வண்டியைப் பல்லடம் பக்கம் திருப்பினேன். இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் போடும் லட்சணத்துக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கமெண்ட்ஸ் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இத்தனைக்கும் எனக்கு வண்டி ஓட்ட யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகவே கற்றுக்கொண்டது.