பதினாறாம் எண் சட்டை

பால் லாரி முற்றத்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் ப்ரீடா கோடி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள். ஃபின்டன் குவர்க் இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டு போய்ப் பால் தொட்டியில் மாட்டி, பம்பைப் போடுவான்.

“டீ குடிக்கிறியா, ஃபின்டன்?”

“வேணாங்கக்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்.”

“ஒரு வாய்தானே. கெட்டில் கொதிச்சுக்கிட்டே இருக்கு.”

“உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்.”

“சிரமமாவது ஒண்ணாவது. பூட்ஸைக் கழட்டாம அப்படியே வா.”

“சரி, நீங்க இவ்வளவு சொல்றப்ப…”

கெட்டில் அப்போது கொதித்துக்கொண்டிருக்காது. அவன் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அதை அடுப்பில் வைப்பாள். இது அவனுக்கும் தெரியும். கில்வாரா என்ற அந்தத் தேவாலயப் பங்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். கேட்ட உடனே தலையாட்டுகிறவனை வளர்ப்புச் சரியில்லாதவன் என்பார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவளைக் கை இறுகினவள் என்பார்கள். வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே ‘இன்னொரு தடவை கேளுங்கள்’ என்றுதான் பொருள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மரியாதைதான் ஃபின்டனின் ஆட்ட வாழ்க்கையைத் தின்றுவிட்டது.

அயர்லாந்தின் திப்பரேரி கவுண்டிக்காக, மட்டையால் பந்தடித்துக் கோல் போடும் ஹர்லிங் ஆட்ட அணியில் அவன் பதினோரு கோடை இருந்தான். சட்டை எண் பதினாறு. முதல் பதினைந்து பேர் களத்தில் ஆடுவார்கள். பதினாறாவது ஆள் மாற்று கோல் கீப்பர், பேச்சுவழக்கில் ‘கோலி’. முன்வரிசையில் ஆடுபவர்கள் ஓடிக் களைப்பார்கள், அடி வாங்குவார்கள், மாற்றப்படுவார்கள். கோல் கீப்பர் களைப்பதில்லை. ஃபின்டனின் காலத்தில் முதல் எண் சட்டை பக்கத்துப் பங்குக்காரனான மாஸி ஹெஃபர்னனிடம் இருந்தது. விரல் முறிந்தபோதுகூட அந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடியவன் மாஸி.

வாரத்தில் மூன்று மாலை பயிற்சி. லாரியை நிறுத்திவிட்டு, பால் வாடை போகக் கழுவிக்கொண்டு, ஃபின்டன் காரோட்டிக்கொண்டு போவான். சம்பளம் யாருக்கும் கிடையாது. பயிற்சி முடிந்தால் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்டு. அங்கே அவன் வேலை, மாஸியை நோக்கிப் பந்தடிப்பது. இடுப்புயரத்தில், தரையோடு, வெயில் கண்ணில் படும் பக்கத்திலிருந்து, மழையில் நனைந்து கனத்த பந்தால், ஓயாமல் அடிப்பான். மாஸிக்கு இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வரும் பந்து தடுமாற்றம் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஃபின்டன் அங்கேயே அடித்து அடித்து அந்தத் தடுமாற்றத்தைப் போக்கினான். மாஸியின் கையைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்தக் கை எங்கே பழகியது என்று எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்கவில்லை.

பால் பண்ணையில் லாரிக்காரர்கள் அவனை விடமாட்டார்கள்.

“அயர்லாந்துலயே ஒரு கோல்கூட விடாத கோலி யாருன்னு கேட்டா நம்ம ஃபின்டன்தான்டா.”

“பெஞ்சுல உக்காந்து பேன்ட் தேயுதே, அதுக்காவது ஒரு மெடல் குடுக்கக் கூடாதா?”

“உங்க பங்குக்காரன் எவனும் கவுண்டி பெஞ்சைக் கண்ணாலயாவது பாத்திருக்கானா?” என்று அவன் திருப்பிக் கொடுப்பான். சிரிக்கவும் செய்வான். தன் பங்கு அணிக்கு அவன்தான் முதல் கோலி. கையும் கண்ணும் சரியாகவே இருந்தன. கவுண்டிக்காக, சாம்பியன்ஷிப் ஆட்டத்தில், ஒரே ஒரு நிமிடம் அந்தக் கோல் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. கல்யாணத் தேதியைக்கூட லீக் ஆட்டங்கள் முடியும்வரை தள்ளிவைத்தான். “நான் ஒரு பெஞ்சுக்கு ரெண்டாந்தாரம்” என்று அவன் மனைவி நோரீன் விருந்துகளில் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவன் அப்பா ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. பிளாஸ்க்கில் டீயும் காகிதத்தில் சுற்றிய ரொட்டியுமாக, நின்று பார்க்கும் படிகளில், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு தெரிகிற இடமாகத் தேடிப் பிடித்துக்கொள்வார். பந்து ஒரு முனையில் இருக்க, அவர் பார்வை பெஞ்சின் பக்கம் இருக்கும்.

ஒன்பதாவது கோடையில் மாகாண இறுதி ஆட்டம் வந்தது. லிமெரிக் மைதானம், எதிரே கார்க் அணி. யாரும் எதிர்பாராதபடி, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, திப்பரேரி பதினோரு புள்ளி முன்னால் இருந்தது. மாஸி அன்று ஒரு கோலும் விடவில்லை. கூட்டம் அப்போதே பாட ஆரம்பித்துவிட்டது.

அணியின் மேலாளர் டின்னி லாலர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஃபின்டன், தயாராகு.”

ஃபின்டன் மேல்சட்டையைக் கழற்றினான். மட்டையை எடுத்தான். களத்துக்குள் போகிறவன் நடுவரிடம் தன் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். டின்னி சீட்டை எழுதி அவன் கையில் வைத்தார். குவர்க், பதினாறு. அந்த எழுத்தை அவன் பார்த்தான். படிகளில் அப்பா எழுந்து நிற்பார் என்று பார்க்காமலே தெரிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு இருக்கும் கில்வாராக்காரன் எதைச் சொல்வானோ, அதை அவன் வாய் சொன்னது.

“வேணாம் டின்னி. அவன் ஒரு கோலும் விடல. அவனே முடிக்கட்டும்.”

டின்னி அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் ஃபின்டனின் ஒரு கால் கோட்டைத் தாண்டத் தயாராகத் தூக்கியிருந்தது. ‘சும்மா போடா’ என்று அவர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“நல்ல மனுஷன்யா நீ” என்றார் டின்னி. சீட்டை வாங்கிக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று இரவு விருந்தில் டின்னி எழுந்து இதைச் சொன்னார். கோப்பைகளை உயர்த்தினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பங்குச் சாமியார் அடுத்த ஞாயிறு பூசையில் தன்னலமின்மையைப் பற்றிப் பிரசங்கம் வைத்து, பெயர் சொல்லாமல் அவனைச் சுட்டினார். மேடையிலிருந்து சாமியாரே புகழ்ந்த பிறகு, ‘நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்பா மட்டும் ஏமாறவில்லை. லிமெரிக்கிலிருந்து இருவரும் காரில் திரும்பினார்கள். ஊர் எல்லையில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“அந்தாளு இன்னொரு தடவ கேட்டிருக்கணும்.”

“ஆமாப்பா” என்றான் ஃபின்டன்.

அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அதற்கடுத்த வருடம், நெருங்கிய ஆட்டங்களில் கோலியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது முடிந்த பனிக்காலத்தில் டின்னி தொலைபேசியில் கூப்பிட்டார். மூலெஸ்பேன் என்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான், பதினாறாம் எண்ணை அவனுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றார். “உன்னை மாதிரி மனசு எவனுக்கும் வராது ஃபின்டன்” என்றும் சொன்னார். ஃபின்டன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான். மறுநாள் காலை பால் எடுக்கப் போனான்.

லாரி ஓட்டுகிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. அது மரியாதைதானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வான். களத்துக்குப் போய், அந்த ஐந்து நிமிடத்தில், மாஸி காத்து வைத்திருந்த வலையில் முதல் பந்தையே விட்டிருந்தால்? அந்தப் பயம் அடியில் கிடந்து, மேலே மரியாதை என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டதா? சில நாள் அப்படித் தோன்றும். ஆனால் தூக்கிய கால் நினைவுக்கு வரும். பயந்தவன் காலைத் தூக்கமாட்டான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அந்த வெற்றிக்கு இருபத்தைந்து வருடம் ஆனது. வெள்ளிவிழா அணியைக் கவுண்டி இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் களத்தில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கௌரவிப்பது வழக்கம். அக்டோபரில் தர்ல்ஸ் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் களத்துக்கு வரும் சுரங்க வழியில் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டின்னி இல்லை. போன வருடம்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். மாஸி புது முழங்கால் வைத்துக்கொண்டு தடியோடு வந்திருந்தான்.

“என்னடா, இன்னும் பால் வாடை போகலையா உன் மேல?”

“உனக்கு மட்டும் மூக்கு நல்லா வேலை செய்யுது. காலு எப்படி?”

“காலு இரும்பு. மீதிதான் துருப்பிடிச்சுப் போச்சு.” மாஸி தடியை நன்றாக ஊன்றிக்கொண்டான். பிறகு, “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அன்னிக்கு நான் குடுத்ததை ஏன்டா திருப்பிக் குடுத்த?” என்றான்.

“நீ என்னத்தைக் குடுத்த?”

“டின்னி சொல்லலையா? இடைவேளையிலயே அவர்கிட்டச் சொல்லிட்டேன். ஆட்டம் கைக்கு வந்துட்டா கடைசில ஃபின்டன இறக்குங்க, நான் கட்டைவிரல் போச்சுன்னு சொல்லி வெளிய வந்துடறேன்னு. லைன் பக்கம் பாத்தேன். நீ சீட்டோட நிக்கிற. கோலை விட்டு நான் ரெண்டடி நடந்தே வந்துட்டேன்டா. பாத்தா நீ திரும்பிப் போய் உக்காந்துட்ட.”

ஃபின்டன் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

“என் கையால வாங்கிக்க உனக்கு மனசில்லன்னு நெனச்சேன்” என்றான் மாஸி. “ஊரே உன்னைப் புகழ்ந்துச்சு. எனக்கு மட்டும் கோவம்.”

“நான் வேணாம்னு சொல்லல மாஸி.”

“பின்ன என்ன சொன்ன?”

“வேணாம்னுதான் சொன்னேன். இன்னொரு தடவ கேப்பாருன்னு இருந்தேன்.”

மாஸி அவனையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். “யாரு, டின்னியா? பட்டாளத்துக்காரர்டா அவரு. ரெண்டாந்தடவ சொன்னா அது ஆர்டரே இல்லம்பாரு.” சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது. தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். “அட கடவுளே” என்றான் மெதுவாக.

ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஒவ்வொருவராகப் புல்லின் மேல் நடந்து போய்க் கையசைத்தார்கள். மாஸிக்குக் கூட்டம் எழுந்து நின்றது. ஃபின்டன் குவர்க், கில்வாரா என்றதும் நல்ல கைதட்டல். அவன் யாரென்று வயதானவர்கள் இளையவர்களுக்குக் குனிந்து சொல்வது தெரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

புகைப்படம் எடுத்து முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அன்று ஆடிக்கொண்டிருந்த அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் ஓரமாகப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸி அவர்களில் ஒருவனிடம் மட்டையும் பந்தும் வாங்கினான். அடுத்திருந்த கோலில் ஆளில்லை.

“போய் நில்லுடா. ஒண்ணே ஒண்ணு அடிக்கிறேன். ஒத்தைக் காலோட அடிக்கிறேன், நீ பிடிச்சுடுவ.”

ஃபின்டன் அந்தக் கோலைப் பார்த்தான். இருபது அடிதான் இருக்கும். கோட்டை வெள்ளையாகப் புதிதாக இழுத்திருந்தார்கள்.

“விடுடா” என்றது அவன் வாய். “எல்லாரும் பாக்கறாங்க.”

சொன்னவுடனேயே தெரிந்துவிட்டது. மாஸிக்கும் தெரிந்தது. அவன் கில்வாராவுக்கு அடுத்த பங்குக்காரன், கேட்க வேண்டிய முறை அவனுக்குத் தெரியும். கேட்க வாயெடுத்தான். அதற்குள் கூட்டம் ஓவென்று இரைந்தது. இரு அணிகளும் சுரங்க வழியிலிருந்து ஓடிவந்தன. ஓடிவந்த கோலி ஒருவன் அந்தக் கோலுக்குள் புகுந்து, பூட்ஸால் கோட்டின் நடுவே அடையாளம் கீறினான். “அய்யா, வெளிய போங்க, ஆட்டம் தொடங்கப் போகுது” என்று மைதானக் காவலர் இருவரையும் தோளைத் தொட்டு ஓரம் தள்ளினார். மாஸி மட்டையைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாம் பாதியை அவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று நோரீன் கேட்டபோது ஃபின்டனுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

மறுநாள் காலை லேசான தூறல். ப்ரீடா கோடி கதவில் நின்றாள். அவளுக்கு இப்போது எண்பது. தலைக்கு மேல் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“டீ குடிக்கிறியா, ஃபின்டன்?”

“குடிக்கிறேங்கக்கா” என்றான்.

ப்ரீடா அசையாமல் நின்றாள். அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. டீ வேணும்.”

“கெட்டில இன்னும் அடுப்புல ஏத்தவே இல்லையே” என்றாள் அவள், திருடி மாட்டிக்கொண்டவள்போல.

“பரவால்ல. நிக்கிறேன்.”

பம்பு எப்போதோ நின்றுவிட்டது. அடுத்த பண்ணையில் காத்துக்கொண்டிருப்பார்கள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவில், தண்ணீர் கொதிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.