கதவு நிலையில் கிரஹாம்

ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்நீர் ஊற்றி, உறைந்த எலியை அதில் மிதக்கவிட்டு, நொரீன் டன்ஸ்டன் விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார். "உள்ள இன்னும் ஜில்லுனு இருக்கு கண்ணு. கொஞ்சம் பொறு" என்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிரஹாம் தலையைத் தூக்கிப் பொறுத்துக்கொள்கிறான். கம்பள மலைப்பாம்பு இனத்தில் பிறந்தவனுக்கு அதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

எலிகள் குளிர்பெட்டியில் பட்டாணிக்கும் மீன் துண்டுகளுக்கும் நடுவே, பழைய ரொட்டிப் பையில் இருக்கும். சர்ச் விற்பனைக்கு ஐஸ் எடுக்க வந்த சிநேகிதி பெரில் ஒருமுறை அந்தப் பையைப் பிரித்துவிட்டாள். "அது நம்ம சாப்பாடு இல்லடி" என்றார் நொரீன், சர்க்கரை டப்பாவைக் காட்டுகிறவர் போல. பெரில் அதன்பிறகு அந்த வீட்டில் எதையும் குளிர்ச்சியாகக் குடித்ததில்லை.

மேரிபரோ ஊரில் பாதிப் பேர் நொரீன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துக் கேண்டீன் ரொம்ப வருஷம் அவருடையது. பழுப்புக் காகிதப் பையின் மேல் பிள்ளையின் பெயரும், உள்ளே சில்லறையுமாகக் காலையில் வரும். மத்தியானம் அதே பை, இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பலகாரமும் எண்ணெய்க் கறையுமாகத் திரும்பிப் போகும். கோடையில் உறைய வைத்த ஆரஞ்சுத் துண்டுகள். கேட்டதைக் கொடுப்பது கடைக்காரர் வேலை. நொரீன் கேட்காததையும் கொடுப்பார். இன்றைக்கும் கடைத்தெருவில் நரைத்த தலைகளைப் பார்த்துப் பெயர் சொல்லமாட்டார். "நீ சாசேஜ் ரோல், சாஸ் தனியா" என்பார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

கிரஹாம் உண்மையில் மகன் லாக்லனுடையவன். பென்சில் கனத்தில் வாங்கி வந்து, தன் உடற்பயிற்சி ஆசிரியரின் பெயரை வைத்தான். அவரும் மத்தியானம் முழுக்க வெயிலில் படுத்துக்கிடப்பாராம். பிறகு நாட்டின் அந்தக் கோடியில் இரும்புச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம்மா, பாத்துக்கோ" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

சமையலறைக் கதவு நிலையில் லாக்லன் நிமிர்ந்து நின்ற கோடுகள் இருக்கின்றன. முதல் பல் விழுந்தபோது ஒன்று. வெள்ளம் வந்த வருஷம் ஒன்று. குதிகாலைத் தூக்கி ஏமாற்றியதை அம்மா அழித்துத் திரும்பப் போட்டது ஒன்று. பக்கத்திலேயே கிரஹாமுக்கும் கோடுகள். பாம்பை நிற்க வைக்க முடியாது என்பதால் நொரீன் கம்பளி நூலைக் கண்டுபிடித்தார். சோபாவின் மேல் ஊர்கிறவனின் முதுகோடு நூலை வைத்துக்கொண்டே போய், வால் நுனியில் கத்தரித்து, அதைத் தரையிலிருந்து நிலையோடு பிடித்துப் பார்ப்பார். லாக்லனின் கடைசிக் கோட்டைக் கிரஹாம் தாண்டிய நாளில் ஒரு கேக் செய்தார். பாம்பு கேக் சாப்பிடாது. பக்கத்து வீட்டு டிரெவ் சாப்பிட்டார். இப்போது கிரஹாம் நிலைச்சட்டத்தின் உச்சிக்குப் போய், குறுக்குக் கட்டையில் திரும்பியிருக்கிறான்.

ஞாயிறு சாயங்காலம் லாக்லன் கூப்பிடுவான்.

"எவ்ளோம்மா வளர்ந்திருக்கான்?"

"ரெண்டு விரக்கடை!"

"அடேங்கப்பா! தோல் உரிச்சானா?"

"முழுசா, காலுறை மாதிரி!"

அவ்வளவுதான். அந்தப் பக்கம் வெயில் என்பான், இந்தப் பக்கம் மழை என்பார், வைத்துவிடுவார்கள். வளர்ச்சி இருக்கிற வாரம் பேச்சு நீளும். இல்லாத வாரம், வெயிலும் மழையும் மட்டும். நொரீன் இதைப்பற்றி யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை எலியோடு, செவ்வாய்க்கிழமையும் ஒன்றை மிதக்கவிட ஆரம்பித்தார்.

"நொரீன், இவனுக்குக் கழுத்து எங்க முடியுது, வயிறு எங்க ஆரம்பிக்குது?" என்று வேலிக்கு மேலிருந்து கேட்டது டிரெவ்தான்.

"உனக்கு எங்க முடியுதோ அங்கதான்" என்றார் நொரீன். ஆனால் மறுநாள் பாம்பைத் தலையணை உறையில் போட்டு, கால்நடை மருத்துவர் டானியாவிடம் தூக்கிப் போனார். டானியா: சாசேஜ் ரோல், சாஸ் நிறைய.

டானியா கிரஹாமைக் கையில் வளைத்துப் பார்த்தாள். வளைந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை. செதில்கள் விலகி நடுவே தோல் தெரிந்தது.

"மிஸஸ் டன்ஸ்டன், வாரம் எத்தனை எலி?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணு."

"அப்புறம்?"

"செவ்வாய்க்கிழமை... சின்னதா."

"மிஸஸ் டன்ஸ்டன்!"

"பசிக்குதுன்னு பாக்குறான்டி."

"வயிறு ரொம்பினாலும் அப்படித்தான் பாப்பான். அவனுக்கு இருக்கறது அந்த ஒரே மூஞ்சி. குட்டியில சட்டுனு வளரணும், சரி. பெரியவனானா வளர்ச்சி தானா நிதானமாகும், அதான் ஆரோக்கியம். மாசத்துக்கு ஒரு எலி போதும். நீங்க போடறது நீளத்துக்குப் போகல, ஈரலைச் சுத்திக் கொழுப்பா உக்காருது. இருபது வருஷத்துக்கு மேல இருக்க வேண்டியவன். இப்படியே போனா, லாக்லன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டிதான் இருக்கும்."

நொரீன் தலையணை உறையின் வாயை முடிந்தார். "இன்னொண்ணு வைக்கட்டுமான்னு நான் கேட்டப்ப நீ ஒருநாளும் வேண்டாம்னதில்ல" என்றார்.

"அதோட பலனைத்தான் தினமும் காலையில ஓடிக் கரைக்கிறேன்" என்றாள் டானியா, இடுப்பைத் தட்டிக்கொண்டே.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐஸ்கிரீம் டப்பா வெறுமனே கவிழ்ந்திருந்தது. கிரஹாம் தலையைத் தூக்கினான். நொரீன் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டார். முடியவில்லை, எழுந்து ஒரு தட்டு லாமிங்டன் கேக் செய்து, தேங்காய்ப்பூ உதிர உதிர வேலிக்கு மேலே நீட்டினார். செவ்வாய்க்கிழமை ஸ்கோன் பன். மறு வெள்ளிக்கிழமை பூசணி ரொட்டி. "பாம்பு இளைக்குது, என் பெல்ட்டுல ஓட்டை தீர்ந்துபோச்சு நொரீன்" என்று டிரெவ் கெஞ்சிய பிறகும் தட்டு வந்துகொண்டுதான் இருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. கிரஹாம் மடிப்புகள் தளர்ந்து, சோபாவின் முதுகில் ஒழுங்காக ஊர்ந்தான். நொரீன் நூலை வைத்து, கத்தரித்து, நிலையோடு பிடித்தார். முக்காலியில் ஏறிக் குறுக்குக் கட்டை வரை கொண்டுபோனார். நூல் பழைய கோட்டிலேயே போய் நின்றது. கீழே இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தார். அதே கோடுதான்.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது.

"எவ்ளோம்மா?"

முக்காலியில் நின்றபடியே நொரீன் வாயைத் திறந்தார். ஒரு விரக்கடை என்று சொல்லிவிடலாம். இந்தக் கோடியில் நடப்பது அந்தக் கோடிக்கா தெரியப்போகிறது?

"ஒண்ணும் இல்லடா. அப்படியேதான் இருக்கான்."

சுரங்கத்துப் பக்கம் ஏதோ வண்டி ஒன்று கடந்துபோனது.

"நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

நொரீன் மழையைப்பற்றி ஆரம்பிக்கப் பார்த்தார். மழையும் இல்லை.

"அம்மா," என்றான் லாக்லன், "ராத்திரிக்கு நீ என்ன சாப்பிட்டே?"

"நானா?" என்றார் நொரீன். அவரை யாரும் கேட்காத கேள்வி. "டோஸ்ட்டும் முட்டையும். ஏன்?"

"சும்மாதான். எத்தனை முட்டை?"

நொரீன் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதே கோட்டின் மேலேயே, அவசரமில்லாமல், இன்னொரு முறை இழுத்தார்.