அம்மா சூடாகச் சாப்பிட்ட தோசை

நெய் முறுகும் வாசனை... கூடவே ஈரத்துணியால் துடைத்த மேஜையின் வாசனை. முதன்முதலில் ஹோட்டலுக்குப் போனதை நினைத்தால் எனக்கு இந்த இரண்டும்தான் முன்னால் வந்து நிற்கும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வெளியே சாப்பிடுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. எங்கே கிளம்பினாலும் அம்மாவோடு ஒரு தூக்கில் புளிசாதமும் கிளம்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் கோயிலை விட்டு வெளியே வந்த பிறகுதான் தூக்கின் ஞாபகம் வந்தது. வரும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்தது... அது பாட்டுக்கு ஜங்ஷனுக்கே திரும்பிப் போய்விட்டது! அம்மாவுக்குச் சாதம் போனதைவிடத் தூக்கு போனதில்தான் வருத்தம். தங்கை பசியில் அழ ஆரம்பித்தாள். அப்பா எதிரே இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"நாலு நெய் தோசை" என்றார் அப்பா.

"மூணு போதுங்க" என்றாள் அம்மா. "நீங்கள்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

வீட்டில் தினமும் சொல்கிற அதே வார்த்தை. பழக்க தோஷம்!

சர்வர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம்னா எப்பம்மா? நீங்க எந்திரிச்சா அடுத்த ஆளு வந்து உக்காந்துருவாங்க."

மூன்று தோசைதான் வந்தது. அம்மா சாப்பிடாமலே கிளம்பிவிடுவாளோ என்ற பயத்தில் என் தோசையே இறங்கவில்லை.

அவளோ உட்காரவே இல்லை. சர்வர் வைத்துவிட்டுப் போன சாம்பார் வாளியை எடுத்து எங்களுக்கு ஊற்றினாள். பக்கத்து மேஜைக்காரர், "அம்மா, இங்க கொஞ்சம்" என்று தட்டை நீட்ட... அவருக்கும் ஊற்றினாள்! நாங்கள் சிரித்த சிரிப்பில் தங்கைக்குப் புரையேறிவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். நாலாவது தோசையும் வந்தது. உடனே அதை மூன்றாகப் பிய்த்து எங்கள் தட்டுகளில் வைக்கப் போனாள். அப்பா கையைக் குறுக்கே வைத்தார். "இது உனக்கு."

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டவள், "ஸ்ஸ்... ஏங்க, இவ்ளோ சூடா இருக்கு!" என்றாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தோசைன்னா சூடாத்தாம்மா இருக்கும்" என்றார் சர்வர், கொஞ்சம் ரோஷமாக.

அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அம்மா சாப்பிடுகிறாள், அது போதும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் அப்பா! கையில் கரண்டி. முதல் தோசை கல்லை விட்டு வரவே இல்லை. இரண்டாவது இலங்கை மேப் மாதிரி வந்தது. அதை அம்மா தட்டில் போட்டு, "சூடா சாப்பிடு" என்றார். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். கடைசிவரை அப்பாவுக்கு வட்டமாக வார்க்க வரவே இல்லை.

இப்போது தில்லைநகர் பக்கம் போனால் தெருவுக்குப் பத்து ஹோட்டல். என் பிள்ளைகள் போனிலேயே ஆர்டர் செய்து, ஆளுக்கொரு ரூமில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதன்முதலில் எந்த ஹோட்டலில் சாப்பிட்டீர்கள் என்று அவர்களைக் கேட்டால் முழிப்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. ஞாயிறு தோசை இப்போது என் டிபார்ட்மெண்ட். எனக்கு வட்டமாகவே வரும். நெய் விட்டு, முறுகலாக, அம்மாவுக்குத்தான் முதலில் போடுவேன். ஆனால் அவள் தொடவே மாட்டாள்.

"ஆறிடும்மா, சாப்பிடு."

"ஆறினா ஆறட்டும்டா. அடுப்ப அணைச்சுட்டு நீயும் வந்து உக்காரு."