தவசியின் அம்பாசிடரில் இரண்டு விரல் குறை

சர்வேயர் தவசியைத் தெரியாதவர்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் குறைவு. முப்பது வருடமாக ஊரார் நிலத்தை அளந்து, வரப்புச் சண்டைகளில் இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கி, அப்படியும் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்காத மனிதர். டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடிக்காமல் அவர் எதையும் அளந்தது கிடையாது. மனைவி முத்துச்செல்வி முருங்கைக்காய் நறுக்கினால்கூட எல்லாத் துண்டும் ஒரே நீளமா என்று அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பார். அவள் கரண்டியைக் காட்டியதும் போய்விடுவார்.

அவரிடம் ஒரு 1972 மாடல் அம்பாசிடர் இருந்தது. பச்சை நிறம். ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடமிருந்து பதினொரு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கதவுக் கண்ணாடிகளைச் சுற்றி ஓடும் ரப்பர் இருக்கிறதே, மெக்கானிக்குகள் பீடிங் என்பார்களே, அது வெயிலில் காய்ந்து வற்றலாகிவிட்டது. வண்டி ஓடினால் கண்ணாடிகள் கடகடவென்று பேசும். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சொட்டும்.

ஆவணியில் மகள் சுபலட்சுமிக்கு வளைகாப்பு முடிந்து, அவளைப் புருஷன் வீட்டிலிருந்து அழைத்து வரும்போது வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாவம், கை நிறைய வளையலோடு கண்ணாடி இடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டே வந்தாள். பட்டுச்சேலை ஒரு பக்கம் முழுக்க நனைந்து போனது. வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"இந்த டப்பாவுல என் புள்ளய ஏத்த மாட்டேன்ப்பா."

காரை டப்பா என்றதைக்கூட தவசி பொறுத்துக்கொண்டார். பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் பேரப்பிள்ளையைத் தன் வண்டியில், தன் கையால் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆசையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஐப்பசியில் மதுரை கே.கே. நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது முத்துச்செல்வியின் உத்தரவு. மருமகன் அருள்பாண்டி ஏசி டாக்சி சொல்லப் போனார். தவசி தடுத்தார்.

"வேணாம் மாப்ள. நான் வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன்."

மருமகனுக்கு வளைகாப்பு மழை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஒன்பதரை வரைக்கும் பாக்குறேன் மாமா" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை தவசி லீவு போட்டார். மதுரைக்குப் போய் உதிரிபாகக் கடையில் நாலு கதவுக்கும் பீடிங் கேட்டார். கடைக்காரர் பாண்டிராஜ், "ரெண்டு மீட்டர் சேத்து வாங்கிக்கங்கண்ணே, ரப்பர் சமாச்சாரம்" என்றார். முப்பது வருட சர்வேயரிடம் சொல்லுகிற பேச்சா அது? அளந்த அளவுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட வாங்காமல் வந்தார். பழைய ரப்பரைப் பிய்த்து, பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்து, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தார். புது ரப்பரை ஒரு முனையில் ஒட்டி, டேப்பை இழுக்கிற அதே விறைப்போடு இழுத்து, சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, சரியாக முனையோடு முனை சேர்த்து வெட்டினார். அப்படி ஒரு நறுவிசு. வியாழன் முழுக்க வெயிலில் காய விட்டார்.

வெள்ளி விடிந்து ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தார். இழுபட்ட ரப்பர் தன் குணத்துக்குத் திரும்பி, நாலு கதவிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுருங்கியிருந்தது. மேல் மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடை திறக்கப் பத்து மணி ஆகும். வானம் கறுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாக இருந்த மனைவிக்குத் தவசி போன் போட்டார்.

"செல்வி, பீடிங் பத்தலை."

முத்துச்செல்வி வெடித்தாள். "யாரு சொன்னா உங்களுக்கு? இப்பத்தான் வயிறு நெறையக் குடிச்சுட்டுத் தூங்குது புள்ள!"

"என்னத்தக் குடிச்சுச்சு? நாலு பக்கமும் ரெண்டு விரல் கம்மிங்கிறேன்!"

முத்துச்செல்வி பயந்துபோய் போனை ஸ்பீக்கரில் போட்டு நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் பொறுமையாகச் சொன்னார்: "சார், பீடிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ குடுக்குறோம்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா? ஒரு தடவ ஒட்டுனா பத்து வருசம் தாங்கும்னு கடைக்காரரு சொன்னாரேம்மா!"

படுக்கையில் இருந்த சுபலட்சுமிக்குத்தான் முதலில் விளங்கியது. "அம்மா, அது கார் கதவு ரப்பரும்மா!" என்று தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வார்டே சேர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் போனை வாங்கினாள்.

"காருக்குப் புது ரப்பரா போடுறீக? எனக்காகவாப்பா?"

"உனக்கு எதுக்கு? பாப்பாவுக்கு."

"சரி, உங்க மருமகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பத்தரைக்குள்ள வாங்க. ஆனா ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் இனிமே டாக்சிதான்."

தவசி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு கதவு, எட்டு விரல் ரப்பர் வேண்டும். கையில் ஒரு துண்டு மிச்சமில்லை; வெட்டிப்போட்ட நறுக்குகளும் பழைய ரப்பரோடு குப்பை வண்டியில் போய்விட்டன. பின்சீட்டில் பிள்ளையும் மகளும் மருமகனும். முன்னால் இடது பக்கம் மனைவி. ஓட்டுகிற பக்கம் அவர். கணக்கு அதற்கு மேல் எதற்கு? தன் கதவிலிருந்து முக்கால் சாண் ரப்பரைச் சடாரென்று உரித்தார். மூன்று துண்டாக நறுக்கி, இந்த முறை டேப்பைத் தொடாமல், இடைவெளியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, டவுன் பஸ்ஸில் ஆளை நெருக்கி உட்கார வைப்பது போல அமுக்கிச் செருகினார். மூன்று கதவும் கம்மென்று மூடின. அந்தச் சத்தத்துக்காகவே ஒவ்வொன்றையும் நாலு தடவை திறந்து மூடினார்.

பத்தேகாலுக்குப் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியாயிற்று. சிக்கந்தர்சாவடி வருவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. சுபலட்சுமி கண்ணாடியின் விளிம்போடு விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். மூலையை அழுத்திப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. மடியில் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கியது. கண்ணாடிகள் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் தொங்கிய கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்த தவசிக்குப் பாட வேண்டும் போல இருந்தது. பிள்ளை எழுந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

பிறகுதான் மகள் அவருடைய தோளைப் பார்த்தாள். சட்டையின் வலது கை முழுக்க நனைந்து, முழங்கை வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா! உங்க பக்கம் ஒழுகுது!"

"அது புறம்போக்கும்மா. மழை கிழை வந்து போகத்தான் செய்யும். பட்டா நிலம் மூணும் காஞ்சு கெடக்கா, அதச் சொல்லு."

தன் பக்கத்துக் கதவின் மூலையில் ஒட்டுப்போட்டிருந்த துண்டு ரப்பரைச் சுபலட்சுமி மறுபடி பார்த்தாள். அது எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

"நாப்பத்தஞ்சாம் நாள் ஊசிக்கும் நீங்கதான் வண்டி எடுக்கணும்ப்பா" என்றாள். "அதுக்குள்ள அந்தப் புறம்போக்குக்கும் ரப்பர் வாங்கிப் போடுங்க. கடைக்காரரு சொல்ற அளவுக்கு வாங்குங்க, உங்க அளவுக்கு வேணாம்."