கல்முனைக்குடி மாமி வீட்டில் தெரிவான மூன்றாம் இலக்கம்

ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் கண்டியிலிருந்து கல்முனைக்குப் போய்வந்தேன். கடலும் எருமைத் தயிரும் பார்க்கப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், அங்கே கல்யாணம் கட்டியிருக்கிற என் தம்பி ஃபஸ்லான் இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. உம்மா, "நீ போய்க் கதைச்சிட்டு வா, உன்ட வாய்க்குத்தான் அவன் பயப்படுவான்" என்று பையைக் கட்டித் தந்துவிட்டார்.

ஃபஸ்லான் றக்பி ஆடுகிறவன். பல வருடமாக ஃப்ளாங்கர், அதாவது பந்து போகிற திசையெல்லாம் ஓடி ஆளை மடக்குகிறவன். தேசிய அணிப் பயிற்சிக்கு நான்கு முறை கூப்பிட்டார்கள், நான்கு முறையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. இப்போது மலேசியாவில் ஒரு டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு மோதுகிற ஆட்டம். வியாழக்கிழமை அணி மனேஜர் அழைத்து இடம் இருக்கிறது என்றார். ஆனால் ஃப்ளாங்கராக இல்லை, மூன்றாம் இலக்க ப்ரொப்பாக. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம் இருக்கிறதே, அதன் முன்வரிசையில் நின்று முழுப் பாரத்தையும் கழுத்தில் வாங்குகிறவர்தான் ப்ரொப். போன சீசனில் கழகத்தின் ப்ரொப் காயப்பட்டபோது இவன் அந்த இடத்தில் ஆடியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். என் தம்பியாரோ, "ஃப்ளாங்கர் எண்டா வாறன், இல்லாட்டி வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்; இதெல்லாம் அவன் மனைவி உம்மாவிடம் சொன்னது. மனேஜர் பொறுமைசாலி. சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிவரை தவணை கொடுத்திருந்தார்.

சனி காலை 5.30க்குக் கண்டியில் பஸ். கட்டணம் 860 ரூபாய், தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பதினெட்டு வளைவு இறங்கும்போது வயிறு காலியாக இருப்பது நல்லது. என் பக்கத்துச் சீற்றுக்காரர் பணிஸ் சாப்பிட்டுவிட்டு ஏறியிருந்தார், மேற்கொண்டு எழுத மாட்டேன். மகியங்கனை தாண்டி, பதியத்தலாவையில் தேநீர். அம்பாறைக்குப் பிறகு காற்றே மாறிவிடுகிறது. சிறுபோக வெட்டு முடிகிற நேரம், காரைதீவு வரைக்கும் தெருவின் ஓரமெல்லாம் நெல் காயப் போட்டிருந்தார்கள். சாரதி அதில் ஒரு மணியையும் மிதிக்காமல் ஓட்டினார். 12.20க்குக் கல்முனை.

பஸ் நிலையத்திலிருந்து கல்முனைக்குடிக்கு முச்சக்கரவண்டி 250 ரூபாய். தம்பியின் மாமனாரின் இரும்புக்கடைப் பெயரைச் சொன்னதும் சாரதி திரும்பிப் பார்த்தார்.

"றக்பி மாப்பிள்ளட ஊட்டயா? நீங்க அவருக்கு ஆரு?"

"ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டீங்க. அந்த மனிசன் போகமாட்டாராமே! எங்கட ஊருக்கு ஃபுட்பாலும் கிரிக்கட்டும்தான் தெரியும். இவர் வந்த பிறகுதான் நாங்களும் முட்டப் பந்தப் பத்திக் கதைக்கிற. கொஞ்சம் சொல்லுங்க அவருக்கு."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. வந்த கோபத்தில் மிச்சக் காசைக்கூட வாங்காமல் இறங்கிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிழக்கில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கட்டிய வீட்டுக்கு வருவார். வந்த நாள்முதல் அவர் அந்த வீட்டு ராசா. என் தம்பியின் மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, இந்த மரியாதை கொஞ்சம் கூடுதல். மூன்று வருடத்தில் அவர் மாப்பிள்ளையிடம் நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. எல்லாம் அறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, மகள் சிஃபானா வழியாகத்தான். இந்த மூன்று வருடத்தில் 96 கிலோவாக இருந்த என் தம்பி 108 ஆனதும் அந்தச் சீலைக்குப் பின்னாலிருந்துதான்.

பகல் சாப்பாடு நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி ஆணம், பாரை மீன் பொரியல், கடைசியில் தயிரும் பாணியும். தம்பி என்னைக் கண்டதும் முழித்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது: "சிஃபானா, மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வைக்கட்டுமா எண்டு கேளு. ராத்தாக்கும் வை." மாப்பிள்ளையை அவர் மாமி வீட்டில் வைத்து யார் திட்டுவது? நான் இறைச்சியைத் திட்டாமல் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமா அணித் தெரிவைத் தொடங்கினார். மாமா அந்தக் காலத்து ஃபுட்பால் கோல்கீப்பர். பாயில் தேநீர்க் கோப்பைகளைப் பரப்பி, "இது பதினஞ்சாம் நம்பர், இது பத்து" என்று அடுக்கினார். மூன்றாம் இலக்கத்துக்குச் சீனிப் போத்தலை வைத்தார்.

"மாப்பிள்ள சொல்றதுதான் சரி. ஓடுற ஆளக் கொண்டுபோய்த் தள்ள விடுறதா? நாளைக்குக் கோல்கீப்பரப் பந்து பொறுக்க விடுவானுகள்."

"மாமா, ப்ரொப் இல்லாட்டி ஸ்க்ரம் விழுந்திடும். பின்னுக்குப் பந்தே வராது. இந்தப் பத்தாம் நம்பர் கோப்பைய என்ன செய்றது?" என்றேன் நான்.

"ஓம், அது சரி. ஆனா மாப்பிள்ள வேணாமெண்டா வேணாம்தானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வீட்டில் இவனோடு விவாதிக்க ஒருவரும் இல்லை! இவன் 'வேணாம்' என்றால் மாமா 'ஓம்' என்கிறார், சிஃபானா சிரிக்கிறாள், மாமி இறைச்சி வைக்கிறார். உம்மா வீட்டில் இருந்திருந்தால் வியாழக்கிழமையே உதை விழுந்திருக்கும். நான் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

"டேய், நாலு தரம் பேர் வரல்லண்டு எங்கட மடியில அழுதவன் நீதானே? இப்ப சட்டை வீட்டு வாசலுக்கு வந்து நிக்குது. இலக்கம் பார்த்துத்தான் வாங்குவியா? இந்த உடம்போட இனி ஃப்ளாங்கரா ஓட ஏலுமா உனக்கு?"

சீலை அசைந்தது. மாமா கோப்பைகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை. அது மாமியின் கைக்குச் செய்கிற அவமரியாதை. நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஃபஸ்லான் கோபிக்கவில்லை. சீனிப் போத்தலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"இலக்கம் இல்ல ராத்தா. எனக்குப் பயம்" என்றான். "கழகத்தில நான் தள்ளினது நம்மட பொடியனுகளோட. அங்க பதினஞ்சு வருசம் அதே வேலை செஞ்சவன் வந்து முட்டுவான். ஃப்ளாங்கர் பிழை விட்டா பதினஞ்சு பேரும் தோத்த மாதிரி. ப்ரொப் விழுந்தா பழி எனக்கு மட்டும்தான். முதலாவது டெஸ்ட், அதுவும் வெளிநாட்டில. என்னால நம்மட நாடு தோத்தா, மறுகா எந்த முகத்தோட இந்த ஊருக்கு வாற?"

இருபது வருடம் அவனை மைதான ஓரத்தில் நின்று கத்தி வளர்த்த எனக்கு, அவன் பயப்படுவான் என்று தோன்றவேயில்லை. சுவர் மணிக்கூட்டில் 4.10.

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டார்.

"சிஃபானா, இவர் போகாட்டி அந்த இடத்துக்கு ஆராம்?"

சிஃபானா வாயைத் திறக்குமுன் ஃபஸ்லானே பதில் சொன்னான். "ஒரு பொடியன் இருக்கான். இருவது வயசு. கெட்டிக்காரன். ஆனா கழுத்து இன்னும் பலப்படல்ல. இன்னும் ரெண்டு வருசம் போகணும். ஸ்க்ரம் மடிஞ்சு விழுந்தா அவன்ட கழுத்துக்குத்தான்…" என்று நிறுத்தினான்.

சீலை விலகியது. மாமி வெளியே வந்தார். தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளையை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புள்ளைக்கும் ஒரு உம்மா இருப்பாவே, மாப்பிள்ள."

என் தம்பி சடக்கென்று எழுந்து நின்றான். மாமா கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்திருந்தார். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

"தோத்தாலும் இந்த ஊடு ஒங்கட ஊடுதான். போங்க" என்றார் மாமி. சொல்லிவிட்டு, வெட்கம் பிடித்தவர்போல் விறுவிறென்று குசினிக்குப் போய்விட்டார்.

ஃபஸ்லான் முற்றத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தான். "சரி, வாறன்" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. மாமாவும் மூக்கைத் துடைத்தார். உள்ளே வந்தவனின் முகம் பெருநாள் முகமாக இருந்தது. "இன்னும் ரெண்டு கிலோ போட்டா நல்லமாம்" என்றான். உடனே குசினியிலிருந்து, "சிஃபானா, ராவைக்குக் கொத்து வேணுமா புட்டு வேணுமா எண்டு கேளு!"

நீங்களும் அந்தப் பக்கம் போவதானால் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், ஜும்ஆத் தொழுகை நேரம் கடைகள் பூட்டிக் கிடக்கும். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம், கல்முனையிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரம்தான். நெய்கிற வீட்டிலேயே கேட்டால் விலை குறைவு. தயிர்ச் சட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், மேல் தட்டில் வைத்தால் பதினெட்டு வளைவில் தலையில் அபிஷேகம். திரும்பும் பஸ்ஸில் சீற்று முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. மாப்பிள்ளையின் ராத்தாவாகப் போகிறவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகவும்.

அணி அடுத்த கிழமை புறப்படுகிறது. வெல்வார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த முன்வரிசையை நினைத்தால் எனக்கும் பயம்தான். நேற்று மாமி தொலைபேசியில் அழைத்தார், ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கப் போகிறாராம்.

"எல்லாரும் குனிஞ்சுதான் நிப்பாங்க மாமி, முகம் தெரியாது. மூண்டாம் இலக்கத்தைப் பாருங்க" என்றேன்.

"இலக்கம் என்னத்துக்கு மகள்?" என்றார். "நான் சோறு போட்ட முதுகு எனக்குத் தெரியாதா?"